வாயனசாலையில் மாஷ், வீட்டில் அப்பா

கேள்வி:

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் ஊர். எனக்கு வயது 41. கூட்டுறவு வங்கி ஒன்றில் வேலை. என் அப்பா தமிழ் மீடியம் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மலையாளிகளுக்கு அவர் மாஷ், எங்கள் ஆட்களுக்கு வாத்தியார். பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பாடப்புத்தகம் வரவில்லை என்றால் பாலக்காட்டுக்கும் திருவனந்தபுரத்துக்கும் அலைவார். மூன்று மாதத்துக்கு முன் இறந்துபோனார். வாயனசாலையில், அதாவது ஊர் நூலகத்தில், இரங்கல் கூட்டம் வைத்தார்கள். எல்லையிலுள்ள கோபாலபுரம் தாண்டிப் பொள்ளாச்சியிலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள். 'மாஷ் ஒரு நாள்கூடக் குரலை உயர்த்தியதில்லை' என்று சொல்லும்போதே ஒருவர் அழுதுவிட்டார். எனக்கு மயக்கம் வருகிற மாதிரி இருந்தது.

எங்கள் வீட்டில் சாப்பாட்டுத் தட்டு பறக்காத மாதம் கிடையாது. சாம்பாரில் உப்பு குறைந்ததற்காக அம்மாவோடு 22 நாள் பேசாமல் இருந்திருக்கிறார். காலண்டரில் புள்ளி வைத்து எண்ணினேன். வருஷா வருஷம் ஜூன் 19 வாசிப்பு தினத்துக்கு முதல் நாள் ராத்திரி மட்டும் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்த்துக்கொண்டிருப்பார். அன்றைக்கு நானும் அம்மாவும் நிம்மதியாக இருப்போம். இரங்கல் கூட்டத்தில் அம்மா முன்வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

இப்போது நினைவு மலர் போடுகிறார்கள். 'என் அப்பா' என்று நான் கட்டுரை தர வேண்டுமாம். எந்த அப்பாவை எழுதுவது? அவர் ஊரை ஏமாற்றினாரா? இல்லை, எங்களைத்தான் அவருக்குப் பிடிக்கவில்லையா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பேங்கில் 'சேச்சி பாவமாணு, தேஷ்யமே வராறில்ல' (அக்கா சாது, கோபமே வராது) என்பார்கள். வீட்டில் நான் கத்துகிறேன். போன வாரம் என் ஒன்பது வயது மகன், 'அம்மா, நீ பேங்க்ல பேசற மாதிரி மலையாளத்துலயே எங்கிட்டயும் பேசேன்' என்றான். அதிலிருந்து தூக்கமில்லை.

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் பெரும்பகுதி அப்பாவைப் பற்றியது. மகன் கடைசி நாலு வரியில்தான் வருகிறான். தூக்கத்தைக் கெடுத்தது அந்த நாலு வரிதான் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். இருந்தாலும் அப்பாவிலிருந்தே தொடங்குகிறேன். அந்தக் கணக்கை அப்படியே விட்டுவிட்டு மகனிடம் போனால், உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அவர்தான் வந்து நிற்பார்.

முதலில், நீங்கள் எழுதியதை நான் நம்புகிறேன். இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஊரே ஒருவரைக் கொண்டாடும்போது, வீட்டுக்குள் வேறொன்றைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்குத் தன் கண் மேலேயே சந்தேகம் வந்துவிடும். 'அவ்வளவு மோசமாகவா இருந்தது, நான்தான் பெரிசு பண்ணுகிறேனா' என்று தோன்றும். நீங்கள் காலண்டரில் வைத்த புள்ளிகள் சாதாரணமானவை இல்லை. நாளைக்கு யாராவது 'அப்படியெல்லாம் இல்லையே' என்று சொன்னால் எடுத்துக் காட்டுவதற்கு ஒரு பிள்ளை சேர்த்து வைத்த சாட்சி அது. அப்போது உங்களுக்கு என்ன வயது என்று எழுதவில்லை. பத்துப் பன்னிரண்டு இருக்குமோ என்று நினைத்தேன். மனசு கனத்துவிட்டது.

கூட்டத்தில் தலை சுற்றியதற்கும் காரணம் உண்டு. கென்னத் டோக்கா என்ற அமெரிக்கத் துக்க ஆய்வாளர் 1989இல் ஒரு வகைத் துக்கத்துக்குப் பெயர் வைத்தார். தமிழில் 'ஊர் ஏற்காத துக்கம்' என்று சொல்லலாம். இறந்தவரோடு நமக்கு இருந்த உறவு இன்னது என்று ஊருக்குத் தெரியாது, அல்லது தெரிந்தாலும் அதற்காக அழ இடம் தராது. உங்களுடையது இன்னும் சிக்கலானது. ஊர் உங்களுக்கு ஆறுதல் சொல்கிறது, ஆனால் உங்களுக்குக் கிடைக்காத ஒரு அப்பாவை இழந்ததற்காக. கிடைத்தவருக்காகவும் அழ வேண்டும், கிடைக்காமல் போனவருக்காகவும் அழ வேண்டும். இரண்டும் ஒரே சாயங்காலத்தில், அத்தனை பேர் முன்னால் வந்து விழுந்தால் உடம்பு தாங்காது.

அவர் ஊரை ஏமாற்றினாரா என்று கேட்டீர்கள். இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

வீட்டில் ஒருவர் எப்படி இருக்கிறாரோ அதுதான் அவருடைய நிஜம், வெளியில் இருப்பது வேஷம் என்று நாம் எல்லோருமே நம்புகிறோம். நம் மொழியே அப்படித்தான் பழக்கியிருக்கிறது. அகம் என்றால் மனம், அகம் என்றால் வீடு. உங்கள் பக்கம் மலையாளத்தில் 'அகத்து' என்றால் உள்ளே. பாலக்காட்டு அக்ரகாரங்களில் 'ஆத்துல' என்று சொல்வதும் 'அகத்தில்' என்பது தேய்ந்து வந்ததுதான். வீடும் மனமும் ஒரே சொல்லாக இருக்கும்போது, வீட்டில் காட்டும் முகமே மனசின் முகம் என்று நினைப்பது இயல்பு. 'அகத்து கத்தியும் புறத்து பத்தியும்' என்று மலையாளத்தில் ஒரு பழமொழி கேட்டிருப்பீர்கள். பத்தி என்றால் பக்தி. நம்மிடம் 'படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில்'. இரண்டு பழமொழிக்கும் ஒரு பக்கம் பொய்யாக இருந்தே தீர வேண்டும்.

அப்படிப்பட்டவர்கள் இல்லாமல் இல்லை. இனிக்க இனிக்கப் பேசிச் சீட்டுப் பணத்தைச் சுருட்டிக்கொண்டு ஓடுகிறவருக்கு அந்த இனிப்பு ஒரு கருவி. பணம் கைக்கு வந்த பிறகு அவருக்கு அது தேவையில்லை. உங்கள் அப்பாவின் பொறுமையோ வேலையை விட்டு வந்த பிறகும், சாகும் வரைக்கும் இருந்திருக்கிறது. அதனால் பிள்ளைகளுக்குப் புத்தகம் வந்தது. அழுதாரே ஒருவர், அவர் பார்த்ததும் நடந்ததுதான். அதை வேஷம் என்று தள்ளினால் அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைத்ததையும் பொய் என்று சொல்ல வேண்டிவரும்.

எர்விங் காஃப்மன் என்ற சமூகவியலாளர் 1950 வாக்கில் ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்து தீவுகளில் தங்கி ஆய்வு செய்தார். அங்கே ஒரு சின்ன ஹோட்டலில் பரிமாறுகிறவர்களைக் கவனித்தார். சமையலறைக் கதவைத் தாண்டிச் சாப்பாட்டுக் கூடத்துக்குள் வரும்போது நடை, பேச்சு, முகம் எல்லாம் மாறும். திரும்பிக் கதவைத் தாண்டினால் மறுபடி மாறும். அவர் சொன்னதில் பலரும் பிடித்துக்கொண்டது, கூடம் மேடை, சமையலறை திரைமறைவு என்பதை. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. சமையலறைக்கும் ஒரு முறை இருந்தது, அங்கேயும் பார்க்கிறவர்கள் இருந்தார்கள். உங்கள் வீட்டை நினைத்துப் பாருங்கள். அப்பா வெளி வேஷத்தைக் கலைத்துவிட்டு 'தானாக' இருந்த இடமா அது? வீட்டில் அவருக்கு இன்னொரு வேஷம் இருந்தது. குடும்பத் தலைவர், கேள்வி கேட்க ஆள் இல்லாதவர். தட்டு பறந்ததும் யாரோ பார்ப்பதற்காகத்தான். பார்த்தது நீங்களும் அம்மாவும்.

வால்டர் மிஷெல், யூச்சி ஷோடா, ஜாக் ரைட் என்ற மூன்று உளவியலாளர்கள் ஒரு கோடைகால முகாமில் சிறுவர்களைப் பல வாரம் கூடவே இருந்து கவனித்து, 1994இல் முடிவுகளை வெளியிட்டார்கள். யார் முரடன், யார் சாது என்று பட்டியல் போடுவதை விட்டுவிட்டு, எப்போது முரட்டுத்தனம் வருகிறது என்று குறித்தார்கள். ஒரு பையன் கூட்டாளிகள் கேலி செய்தால் அடிக்கப் போவான், பெரியவர் கண்டித்தால் அடங்கிவிடுவான். இன்னொருவன் நேர்மாறு. மொத்தக் கணக்கில் இரண்டு பேரும் ஒரே அளவு முரடர்களாக இருக்கலாம். ஆனால் 'இன்னது நடந்தால் இப்படி' என்ற அந்த அச்சு ஒவ்வொருவனுக்கும் தனியானது, நாள் மாறினாலும் லேசில் மாறாதது.

அப்பா பொறுமைசாலியா கோபக்காரரா என்று கேட்டால் பதில் வராது. யாரிடம் பொறுமை, யாரிடம் கோபம் என்று கேட்டால் வரும். அந்த அச்சுதான் அப்பா. மாஷ் என்று ஒருவர், தட்டை வீசியவர் என்று ஒருவர், இரண்டு ஆள் இல்லை.

எங்களைத்தான் பிடிக்கவில்லையா என்ற கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. கசப்பான பதில்தான். வாயனசாலையில் ஒரே ஒரு தட்டு பறந்திருந்தால் அன்றோடு மாஷ் முடிந்தார். உங்கள் வீட்டில் தட்டு பறந்த மறுநாளும் அதே நேரத்துக்குச் சோறு வந்தது. வெளியில் மரியாதையைத் தினமும் சம்பாதிக்க வேண்டியிருந்தது. வீட்டில் அது வைப்புத்தொகை மாதிரி இருந்தது. நீங்களும் அம்மாவும் அவருக்குப் பிடிக்காதவர்கள் என்று நான் நினைக்கவில்லை. எங்கேயும் போக முடியாதவர்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இதில் இன்னொன்று அடங்கியிருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். கோபத்தை அடக்க அவரால் முடியும். இத்தனை வருஷமாக ஊர் முன்னால் அதைத்தான் நிரூபித்துக்கொண்டிருந்தார். 'முன்கோபி, சுபாவம் அப்படி' என்று சொந்தக்காரர்கள் சொல்லியிருப்பார்கள். சுபாவத்தைச் செருப்போடு சேர்த்து வாயனசாலை வாசலில் கழற்றி வைக்க முடியுமா? அவர் கழற்றி வைத்தார். வீட்டுக்குக் கிளம்பும்போது மாட்டிக்கொண்டார். போனவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற இதைச் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் உங்கள் விஷயத்துக்கு வருவேன், அப்போது இது உங்களுக்கே தேவைப்படும்.

ஏன் அப்படி ஆனார் என்று ஊகிக்கலாம். நான் அவரைப் பார்த்ததில்லை, அதனால் ஊகம் மட்டும். உங்கள் சித்தூர் வட்டாரம் கொச்சி சமஸ்தானத்தில் இருந்தது, பிறகு திருவிதாங்கூர்-கொச்சி, 1956 நவம்பர் 1 முதல் கேரளம். தமிழருக்கும் கன்னடருக்கும் தம் மொழியிலேயே அரசுக்கு எழுதும் உரிமையை 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தந்தது. சட்டம் தந்ததைக் கையில் வாங்க ஒவ்வொரு ஆபீஸ் வாசலிலும் யாராவது நிற்க வேண்டும். கோபித்துக்கொண்டால் ஃபைல் நகராது. சித்தூர்க் காவில், அதாவது பகவதி கோயிலில், வருஷா வருஷம் கொங்கன் படை என்ற திருவிழா நடக்கிறது, கொங்கு நாட்டிலிருந்து படையெடுத்து வந்த கொங்கனைப் பகவதி வென்ற கதை. கொங்குத் தமிழ் பேசுகிற வீட்டுப் பிள்ளைகளும் கூட்டத்தில் நின்று அதை ரசிக்கிறார்கள். ஊரில் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. ஆனாலும் எல்லைப் பக்கத்திலிருந்து என்னிடம் வருகிற பலர், 'நாம கொஞ்சம் பதவிசா இருந்துக்கணும்ங்க' என்ற நினைப்போடுதான் வளர்ந்தோம் என்கிறார்கள். உங்கள் அப்பாவும் இருமடங்கு பதவிசாக இருந்திருப்பார். முகத்தில் கோபம் தெரியாமல் பார்த்துக்கொள்வதே ஒரு உழைப்பு என்று விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து ஆர்லி ஹோக்ஷீல்ட் 1983இல் எழுதினார். அந்த உழைப்பின் களைப்பு எங்காவது இறங்கித்தான் ஆகும்.

ஆனால் அது எங்கே இறங்க வேண்டும் என்பது விதியில்லை. தோட்டத்துக்குப் போய் மண்வெட்டி பிடித்திருக்கலாம், கூட்டாளியிடம் புலம்பியிருக்கலாம். பாடப்புத்தகம் தாமதமானதற்கு உங்கள் அம்மா என்ன செய்வார்? குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டம், கை நீட்டுவதை மட்டும் வன்முறை என்று சொல்லவில்லை. வார்த்தையாலும் மனத்தாலும் வதைப்பதையும் அதில் சேர்த்திருக்கிறது. நீங்கள் பார்த்ததற்கு ஒரு பெயர் உண்டு என்று தெரிந்துகொள்ளவே இதைச் சொல்கிறேன். இதைப் படிக்கிற வேறு யார் வீட்டிலாவது இன்றைக்கும் தட்டு பறந்துகொண்டிருந்தால், பெண்கள் உதவி எண் 181க்குப் பேசுங்கள். கேரளத்தில், பெண்கள், குழந்தைகள் பாதுகாப்புக்கென்று இருக்கும் பஞ்சாயத்து ஜாக்ரதா சமிதியிடமும் போகலாம்.

இனிக் கட்டுரை. மலர்க் குழுவிடம் ஒரு மாதம் தவணை கேளுங்கள். அதற்குள் வேறொன்று எழுத வேண்டியிருக்கிறது.

ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்களைத் தினம் 15 நிமிஷம், தொடர்ந்து நாலு நாள், மனசைப் பாதித்ததை ஒளிக்காமல் எழுதச் சொன்னார். நடந்ததையும் அதில் பட்ட வேதனையையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த மாதங்களில் மருத்துவரிடம் போனது குறைந்தது. பிறகு வந்த ஆய்வுகளில் பலன் சின்னதாகத்தான் தெரிந்தது, எல்லோருக்கும் ஒரே மாதிரியும் இல்லை. ஆனாலும் உங்களுக்கு இது உதவும் என்று நினைக்கிறேன். தட்டு, புள்ளி, அந்த 22 நாள், எல்லாவற்றையும் தமிழில் எழுதுங்கள். யாருக்கும் காட்ட வேண்டாம். எழுதியதைக் கிழித்துப் போடலாம், பீரோவில் பூட்டியும் வைக்கலாம். எழுத எழுத நடுக்கமோ மூச்சுமுட்டலோ வந்தால் அதோடு நிறுத்திவிடுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416 எந்நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.

அதற்குப் பிறகும் மலருக்கு எழுத மனசு வரவில்லை என்றால் எழுதாதீர்கள். 'இன்னும் எழுதுகிற நிலையில் இல்லை' என்று சொன்னால் அது முழு உண்மை, அதற்கு மேல் விளக்கம் யாருக்கும் தர வேண்டியதில்லை.

எழுதுவது என்றால் ஒரு நிபந்தனை. 'அன்பே உருவானவர்', 'பொறுமையின் சிகரம்' போன்ற வார்த்தை ஒன்றுகூட வரக் கூடாது. அச்சில் உங்கள் பெயருக்குக் கீழே அதைப் பார்க்கும்போது அந்தக் காலண்டர்ப் புள்ளிகளை நீங்களே அழித்த மாதிரி ஆகிவிடும். கண்ணால் கண்டதை மட்டும் எழுதுங்கள். நீங்கள் அனுப்பியிருக்கும் கடிதத்திலேயே கட்டுரை இருக்கிறது: ஜூன் 19க்கு முதல் நாள் ராத்திரி, கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்த்த மனிதர். கேரள நூலக இயக்கத்தின் தந்தை பி. என். பணிக்கரின் நினைவு நாளைத்தான் கேரளம் வாசிப்பு தினமாகக் கொண்டாடுகிறது. எத்தனையோ பேர் அன்றைக்கு மேடையில் மாஷ் பேசிக் கேட்டிருப்பார்கள். முதல் நாள் ராத்திரி அந்தப் பேச்சு எப்படித் தயாரானது என்று தெரிந்தவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர்தான். எந்த வார்த்தையை மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தார், எந்தச் சட்டையை எடுத்து வைத்தார், பக்கத்து அறையில் நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று எழுதுங்கள். அன்றைக்கு நிம்மதியாக இருந்ததைச் சேர்ப்பதா வேண்டாமா என்பது உங்கள் இஷ்டம். சேர்த்தால், புரிகிறவர்களுக்குப் புரியும்.

தட்டு பறந்ததை அந்த மலரில் எழுத வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். அவருடைய பெயரைக் காப்பாற்றுவதற்காக இப்படிச் சொல்லவில்லை. அந்தத் தட்டுகள் அம்மா மேல் வீசப்பட்டவை. அந்த ஊரில் தினமும் பால் வாங்கவும் ரேஷன் கடைக்கும் போக வேண்டியவர் அவர்தான். அவரைக் கேட்காமல் அவருடைய கதையை அச்சில் ஏற்றக் கூடாது. அவர் தலையாட்டியதையும் பொய் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஊர் புகழ்ந்த அந்த மனிதரில் தனக்கும் பங்கு உண்டு என்று நினைத்திருக்கலாம். புத்தகத்துக்கு அலைந்தவருக்கு விடிகாலையில் காபி போட்டுக் கொடுத்து அனுப்பியது அவர்தானே.

இப்போது மகன்.

அவன் சொன்னதை நீங்கள் குற்றச்சாட்டாக எடுத்துக்கொண்டீர்கள். நான் படித்தபோது எனக்கு அப்படித் தோன்றவில்லை. அம்மாவிடம் இன்னொரு குரல் இருப்பதை அவன் பேங்கில் பார்த்திருக்கிறான். அதில் தனக்கும் கொஞ்சம் வேண்டும் என்று கேட்கிறான். அவன் வயதில் உங்களால் அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்க முடிந்ததா? உங்களுக்குக் காலண்டர்தான் இருந்தது. அவனுக்கு நீங்களே இருக்கிறீர்கள், முகத்துக்கு நேராகச் சொல்கிறான். அந்தத் தைரியம் அவனுக்கு உங்கள் வீட்டில்தான் கிடைத்திருக்கிறது.

ஆனால் அவன் சொன்ன தீர்வை ஏற்காதீர்கள். மலையாளத்துக்கு மாற வேண்டாம். கேத்தரின் ஹாரிஸும் அவருடன் சேர்ந்தவர்களும் 2003இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். துருக்கியைத் தாய்மொழியாகக் கொண்டு, பின்னால் ஆங்கிலம் கற்றவர்களுக்கு இரண்டு மொழியிலும் வார்த்தைகளைக் கொடுத்து, தோலில் மின்கடத்தல் எவ்வளவு மாறுகிறது என்று அளந்தார்கள். சின்ன வயதில் வாங்குகிற திட்டு வார்த்தைகளைத் தாய்மொழியில் கேட்டபோது உடம்பு அதிகம் அதிர்ந்தது. பின்னால் கற்ற மொழி அந்த ஆழத்துக்குப் போகவில்லை.

பேங்கில் நீங்கள் பேசுகிற மலையாளம் பள்ளியிலும் கடைவீதியிலும் கற்றது. வார்த்தையைத் தேடி எடுக்கிற அந்த ஒரு நொடியில் கோபம் கொஞ்சம் ஆறிவிடுகிறது. தமிழ் அப்படி வருவதில்லை, அது அப்பாவின் குரல் உங்களுக்குள் இறங்கிய அதே வழியில் வெளியே வருகிறது. ஒன்று செய்து பாருங்கள். மகனிடம் கத்தும்போது வாயில் வருகிற மூன்று வாக்கியங்களை ஒரு தாளில் எழுதுங்கள். எழுதியதும் அது யார் வாக்கியம் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். அது உங்களுடையதாக இருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது.

உங்கள் பக்கத்துப் பிள்ளைகள் சிலர், அம்மா தமிழில் கேட்டால் மலையாளத்தில் பதில் சொல்கிறார்கள். பள்ளிக்கூடத்தை அதற்குக் காரணமாகச் சொல்வார்கள், அதுவும் உண்மை. வீட்டில் தமிழ் வருவது திட்டும்போதும் அதட்டும்போதும் மட்டும்தான் என்றாகிவிட்டால் அந்த மொழியில் வாழ எந்தப் பிள்ளைக்கு ஆசை வரும்? ஊர்ப் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் புத்தகம் வர வேண்டும் என்று அலைந்தவருடைய பேரன் அவன். பேங்கில் இருக்கிற குரலைத் தமிழுக்குக் கொண்டுவர முடியுமா என்றுதான் பார்க்க வேண்டும்.

முடியும். அப்பாவால் முடிந்தது என்று முன்னால் சொன்னேனே, அதே காரணத்தால் உங்களாலும் முடியும். பாஸ்புக்கைத் தொலைத்துவிட்டு நிற்கிற வயசான அம்மாவிடம் எப்படிப் பேசுவீர்கள்? 'சாரமில்ல, நோக்காம்' என்பீர்கள். அதே நிதானத்தில் 'பரவால்ல கண்ணு, தேடிப் பாக்கலாம்' என்று கணக்கு நோட்டைத் தொலைத்துவிட்டு வருகிறவனிடம் சொல்லிப் பழகுங்கள். முதல் வாரம் நாடகம் மாதிரிதான் இருக்கும். இருக்கட்டும். பேங்கிலும் முதல் மாதம் அப்படித்தான் இருந்திருக்கும்.

நேரத்தையும் பாருங்கள். நீங்கள் கத்துவது பெரும்பாலும் பஸ் இறங்கி வந்து, அடுப்பு பற்றவைத்து, வீட்டுப்பாடம் கேட்கிற அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். நான் காலை பத்து மணியிலிருந்து மற்றவர்கள் வேதனையைப் பொறுமையாகக் கேட்கிறேன். ஆறு மணிக்கு என் அம்மா போன் செய்தால் இரண்டு வாக்கியத்துக்கு மேல் கேட்க முடியாமல் வெடுக்கென்று பேசியிருக்கிறேன். ஒரு நாள் அவர், 'காசு கொடுத்து வர்றவங்ககிட்ட நல்லாப் பேசுவியாமா' என்றார். அந்தக் கேள்வி இன்னும் வலிக்கிறது. அதன் பிறகு ஆறு மணிக்குப் பேசுவதை நிறுத்திவிட்டுச் சாப்பாட்டுக்குப் பிறகு நானே கூப்பிடுகிறேன். செய்தது அவ்வளவுதான், ஆனால் இப்போது அரை மணி நேரம் பேசுகிறோம். நீங்களும் வீட்டுக்கு வந்ததும் முகம் கழுவிக்கொண்டு திண்ணையில் பத்து நிமிஷம் உட்காருங்கள். இது அம்மாவுடைய பத்து நிமிஷம் என்று மகனிடம் சொல்லிவிடுங்கள். பரீட்சை, மார்க், நோட்டு எதையும் அதற்கு முன் தொட வேண்டாம்.

ஆனாலும் ஒரு நாள் கத்திவிடுவீர்கள். அன்றைக்கு அவன் தூங்குவதற்குள் போய், 'இன்னைக்கு நான் கத்தினது தப்பு. நீ அன்னைக்குக் கேட்டது சரி' என்று சொல்லுங்கள். 'ஆனா நீயும்' என்று தொடங்கிவிடாதீர்கள். உங்கள் கடிதம் முழுக்கத் தேடினேன், தட்டு பறந்த பிறகு அப்பா வந்து ஏதாவது சொன்னதாக ஒரு வரி இல்லை.

அம்மாவிடமும் பேச வேண்டும். மலர் வருவதற்கு முன்பே பேசுங்கள். 'அப்பா நல்லவராம்மா' என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். இந்த வயதில் அந்தக் கேள்விக்கு அவரைப் பதில் தேட வைக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை அவரோடு அடுப்படியில் நில்லுங்கள். சாம்பாருக்கு உப்பு போடுகிற நேரத்தில் அவர் கையைப் பிடித்து, உனக்கு எவ்வளவு உப்பு இருந்தால் பிடிக்கும் என்று கேளுங்கள். இத்தனை வருஷமும் அவர் வேறொருவர் நாக்குக்குத்தான் போட்டிருக்கிறார். உடனே பதில் வராது. காத்திருங்கள்.